வவுனியாவில பழைய மாடிக்கடை: உள்ளுக்குப் புதுசாக்க கொன்றாக்ரர் சொல்லிறதெல்லாம் சரியா?

குருமன்காட்டான்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வவுனியா டவுணுக்குள்ள பழைய மாடிக்கடை ஒண்டு. முகப்பு 18 அடி, உள்நீளம் 52 அடி. சுவர் செங்கல்லு, பூச்சோட 14 அங்குலம் வருது. சாந்து வெள்ளைச் சுண்ணாம்பு, ஆணியால சுரண்டினால் மாவாக் கொட்டுது. மேல்மாடிக்கு அகலப்பாட்டுக்குப் பாலை மரத்தில வளை, அதாவது மேல்தரையைத் தாங்கிற குறுக்குச் சட்டம், போட்டு (4க்கு 7 அங்குலம், ரெண்டடிக்கு ஒண்டு) மேல முதிரைப் பலகை அடிச்சிருக்கு. ஓட்டுக்கூரை. கீழ சிவப்புச் சீமெந்துத் தரை. பின்பக்கம் 15 அடி பிறகு இறக்கினது: சீமெந்துக் கல்லு, அஸ்பெஸ்ரஸ் சீற்.

கீழ கோப்பிக் கடை, மேல வடிவமைப்பு வேலை செய்யிற சின்ன ஒஃபிஸ், அதுக்குள்ள ஏசி போட்ட ஒரு கூட்ட அறை. வெளிமுகம் மாறக்கூடாது, உள்ளுக்கு மட்டும் இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி வரவேணும்.

இடப்பக்கச் சுவரில மூண்டரை அடி உயரம் வரைக்கும் பெயின்ற் கொப்புளிச்சு உரியுது. அந்தப் பக்கம் கொஞ்சக் காலத்துக்கு முதல் சீமெந்துப் பூச்சுப் போட்டது. வலப்பக்கம் பழைய பூச்சு, அது பரவாயில்லை.

கொன்றாக்ரர் தந்த லிஸ்ற்: உள்பூச்சு முழுக்க உடைச்சு சீமெந்துப் பூச்சும் வோல் புற்றியும், கீழயும் மேலயும் 2க்கு 2 ரைல்ஸ், ஜிப்சம் சீலிங், இடச்சுவரில ஈரம் தெரியாமல் எம்டிஎஃப் (மரத்தூள் அமத்திச் செய்த பலகை) பனல், மேல்மாடி மூலையில ஒரு ரொயிலற், வயர் எல்லாம் சுவர் வெட்டிப் புதைக்கிறது. ஒரு சுவரைச் செங்கல் தெரிய விடவும் ஆசை. இதில எது செய்யலாம், எது கூடாது?


நெடுங்கேணி மேசன்:

தம்பி, அந்த லிஸ்ற்றில முதலாவதையும் பனலையும் இப்பவே வெட்டி விடுங்கோ.

சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு அடியில ஈரந்தடுப்புப் படை இருக்காது. நிலத்தீரம் கல்லுக்குள்ளால ஏறும், ஏறின ஈரம் சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளால வெளியில போகும். அப்பிடித்தான் அந்தச் சுவர் இவ்வளவு காலம் நிண்டது. சீமெந்துப் பூச்சுப் போட்டால் அந்த வழி அடைபடும். ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் மேல ஏறும். உங்கட இடச்சுவர் கொப்புளிக்கிறதும் வலச்சுவர் நல்லா இருக்கிறதும் அதாலதான். பனல் அடிச்சால் ஈரம் கண்ணுக்கு மறையும், பின்னால பூஞ்சணமும் கறையானும் குடி வரும்.

முதல்ல ஈரம் எங்க இருந்து வருது எண்டு பாருங்கோ. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை சுவரில நாலு பக்கமும் ரேப் அடிச்சு ஒரு நாள் விடுங்கோ. சுவர்ப்பக்கம் தண்ணி பூத்தால் ஈரம் சுவருக்குள்ள இருக்கு. அறைப்பக்கம் பூத்தால் காத்தில இருக்கிற ஈரம், அது வேற வைத்தியம். பிறகு வெளியில போய் மட்டம் பிடியுங்கோ. டவுணுக்குள்ள றோட்டும் கானும் ஒவ்வொரு தடவையும் உயர்த்தி உயர்த்தி, கனக்கக் கடையளின்ர தரை இப்ப றோட்டுக்குக் கீழ கிடக்கு. வெளிநிலம் உள்தரையை விட ஆகக்குறைஞ்சது 6 அங்குலம் தாழ நிக்கவேணும். முடியாட்டில் சுவரோரமா ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டி, அடியில துளை போட்ட பைப்பைச் சரிவா வைச்சு முக்கால் அங்குலச் சல்லி நிரப்புங்கோ. அத்திவாரக் கல்லுக்குக் கீழ மட்டும் வெட்டிப் போடாதேங்கோ. பீலித் தண்ணி சுவரடியில விழாமல் பைப் இறக்குங்கோ. பாதி வேலை இதோட முடிஞ்சிடும்.

அதுக்குப் பிறகு இடப்பக்கச் சீமெந்துப் பூச்சை, ஈர அடையாளத்துக்கு மேல ஒன்றரை அடி வரைக்கும் தட்டி எடுங்கோ. உளியைச் சரிச்சுப் பிடிக்கச் சொல்லுங்கோ, கல்லின்ர முகம் உரியக் கூடாது. சாந்து இடைவெளியை முக்கால் அங்குல ஆழத்துக்குத் தோண்டி, வெள்ளையாப் பூத்த உவரைக் காய்ஞ்ச தும்புத் தூரிகையால தட்டி, கீழ பொலித்தீனில விழுத்தி வெளியில கொண்டுபோய்க் கொட்டுங்கோ. தண்ணி அடிச்சுக் கழுவினால் உவர் கரைஞ்சு திரும்பவும் கல்லுக்குள்ள போயிடும்.

காயிற கணக்கு மாசத்துக்கு ஒரு அங்குலம் எண்டு சொல்லிறது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில கெதியாக் காயும். முழுக்கக் காயும் வரைக்கும் நிக்கத் தேவையில்லை, சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளாலயும் மிச்சம் காயும்.

கலவை: நீத்த சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, கழுவின ஆத்து மணல் 2. செங்கல் தூளுக்கு மெதுவா வெந்த கல்லை இடிச்சுச் சலியுங்கோ. கறுத்து வெந்த கல்லுத் தூள் மணல் மாதிரித்தான், பிடிக்காது. மூடையில வாற சுண்ணாம்புத் தூள் எண்டால் முதல் நாளே தண்ணியில ஊறப் போடவேணும். அரை அங்குலப் பூச்சு 100 சதுர அடிக்கு மணல் மூண்டேகால் கன அடியும், சுண்ணாம்பும் செங்கல் தூளும் ஒண்டரைக்குக் கொஞ்சம் மேலயும் போகும். தோண்டின இடைவெளி ஆழமெண்டால் இன்னும் இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கிளவுஸ் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில பட்டால் விளையாட்டில்லை.

முதல் நாள் பின்னேரம் சுவரை நனையுங்கோ. ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல அப்பாதேங்கோ. பெருவிரலால அமத்த அச்சு விழாத பதம் வந்தாப் பிறகுதான் ரெண்டாவது. யன்னலுக்குச் சாக்குக் கட்டி, பூச்சுக்கு மேல ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமை ஈரமா வைச்சிருங்கோ. கச்சான் நேரம் இதைச் செய்யாட்டில் அடுத்த நாளே வலை வலையா வெடிக்கும். அது சுண்ணாம்பின்ர பிழை இல்லை.

நிறத்துக்குச் சுண்ணாம்புக் கரைசல், பால் பதத்தில நாலு பூச்சு. வோல் புற்றி, எமல்ஷன், முக்கியமா 'வோட்டர் புறூஃப்' எண்டு விக்கிற பெயின்ற், மூண்டும் அந்தச் சுவருக்கு வேண்டாம். வலச்சுவரில பழைய பூச்சைத் தொடாதேங்கோ. விரல் மொளியால தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வாற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டால் போதும்.


பாரந்தாங்கி:

மேல்மாடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுவருக்குச் சுவர் உள்ளகலம் ஏறத்தாழ 15 அடி 8 அங்குலம் (4.8 மீ.). ஒஃபிசுக்குப் பயன்பாட்டுப் பாரம் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ நியூற்றன், அதாவது ஏறக்குறைய 250 கிலோ. பலகை, வளை இரண்டினதும் நிலையான பாரம் 0.5 என்று கொள்ளுங்கள். ஒரு வளைக்கு 2 அடி பங்கு. இப்படிக் கணக்கிட்டால் வளையின் வளைவுத் தகைப்பு சதுர மி.மீ.க்கு 10 நியூற்றன் அளவில் வரும். பழுதில்லாத பாலைக்கு அது பெரிய சுமை இல்லை. சிக்கல் தொய்வில். மீள்மை மட்டு (மரத்தின் விறைப்பைச் சொல்லும் அளவு) 14 கிகா பாஸ்கல் என்று எடுத்தால் நடுவில் சுமார் 20 மி.மீ. தொய்யும். நீளத்தில் 360இல் ஒரு பங்கு, அதாவது 13 மி.மீ.தான் ஏற்கத்தக்கது. பலம் போதும், விறைப்பு போதாது. ஆள் நடக்க மேசை ஆடும்.

இந்த நிலையில் மேலே ரைல்ஸ் போடுவது பற்றிப் பேசவே தேவையில்லை. 20 மி.மீ. சாந்துப் படையும் ரைல்ஸும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 60 கிலோ. பாரம் ஒரு பக்கம் இருக்க, மரம் அசையும், ரைல்ஸ் அசையாது. முதலில் இடைவெளிச் சாந்து கழலும், பிறகு ரைல்ஸ் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

செய்ய வேண்டியது இது. கட்டட நீளத்துக்கு, அகலத்தின் நடுவில், வளைகளுக்குக் கீழே ஓர் இரும்பு ஐ-பீம் ஓட்டி 10, 11 அடிக்கு ஒரு இரும்புத் தூண் வையுங்கள். வளையின் தாங்கா நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்றாகக் குறையும். ஒவ்வொரு தூணிலும் மூன்று தொன் அளவில் இறங்கும். அடியில் இரண்டரை அடிச் சதுரக் கொங்கிறீற் பாதம் பொதுவாகப் போதும், ஆனால் குளத்தோரக் களிமண் என்றால் மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பீமின் அளவையும் வெல்டிங்கையும் பட்டய எஞ்சினியர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். என் கணக்கு உங்கள் அளவுகளை நம்பிப் போட்டது மட்டுமே.

பழைய தொய்வை ஜக் (பாரம் தூக்கும் கருவி) வைத்து நிமிர்த்தப் போகாதீர்கள். பல வருடம் வளைந்து நின்ற பாலை அப்படியே நிலைத்துவிடும். அதை உயர்த்தினால் சுவருக்குள் இருக்கும் நுனி சுவரைக் கிளப்பும். பீமை வளைக்குக் கீழே கொண்டுவந்து, இடைவெளியை இரும்புத் தகடு செருகி இறுக்கினால் போதும்.

அதற்கு முன் வளை நுனிகளைப் பாருங்கள். பழைய மாடிகள் முதலில் பழுதாகும் இடம் அதுதான். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்குறூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல பாலைக்குள் நுனிகூட இறங்காது. அரை அங்குலம் இறங்கினால் உள்ளே உக்கல், அல்லது கறையான். அப்படியான நுனிக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) வைத்து, நல்ல மரத்துக்குள் இரண்டு அடிக்குக் குறையாமல் நீட்டி 12 மி.மீ. போல்ற் குறைந்தது நான்கு போட வேண்டும். நுனியைச் சுற்றி முக்கால் அங்குலம் காற்றிடை விடுங்கள். சீமெந்தால் அடைத்தால் அடுத்த உக்கல் அங்கேதான்.

ரொயிலற் மரமாடியில் வேண்டாம். பின்பக்கச் சீமெந்துப் பகுதியில், நிலத்தோடு வையுங்கள். மேலே கட்டாயம் தேவை என்றால் பின்பகுதியைத் தனித் தூணில் எழுப்பி அதன் கொங்கிறீற் சிலாப்பில். நீர்த்தடுப்பு இரண்டு பூச்சு, சுவரில் 6 அங்குலம் ஏற்றி, ஷவர் பக்கம் 6 அடி. ரைல்ஸ் ஒட்டுமுன் ஒரு அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணித்தியாலம் விட்டு, கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.


குருமன்காட்டான்:

நன்றி. வெளியில மட்டம் பிடிச்சன். கான் விளிம்பு எங்கட தரையை விட 4 அங்குலம் உயரம். சுவருக்குள்ள ஊசி மாதிரி மருந்து ஏத்தி ஈரத்தை நிப்பாட்டலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார், அது சரிவருமா? வயறிங், ஏசிக்கும் ஆராவது சொல்லுங்கோ. இப்ப இருக்கிற மீற்றர் 30 அம்பியர், ஒற்றைப் பேஸ்.


மூண்டு பேஸ்:

30 அம்பியர் × 230 வோல்ற் = 6,900 வாற். உங்களிட்ட இருக்கிறது அவ்வளவுதான். ரெண்டு குழாய் வைச்ச கோப்பி மெசின் 3,500 வாற் இழுக்கும். 18,000 பிரியூ (ஏசியின்ர குளிராக்கிற அளவு) ஏசி ஒண்டு 1,700 அளவில, ரெண்டு எண்டால் 3,400. இதோடயே 6,900 முடிஞ்சுது. பிரிட்ஜ், கேத்தில், விளக்கு ஒண்டும் இதுக்குள்ள இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மெயின் விழும். மூண்டு பேஸ் 30 அம்பியருக்கு இப்பவே மின்சார சபையில விண்ணப்பம் போடுங்கோ. உள்வேலை முடிஞ்சாப் பிறகு போட்டால் கடை திறக்க ஏலாமல் இருப்பியள்.

பழைய வயர் எல்லாம் போகட்டும். அந்தக் காலத்து ரெண்டு கம்பி வயறிங்கில எர்த் இல்லை. லைற்றுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீற்றருக்கும் 4 சதுர மி.மீ. கோப்பி மெசினுக்குத் தனி வயர், தனி பிறேக்கர். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒண்டை முழுக் கட்டடத்துக்கும் போடாமல், கீழுக்கு ஒண்டு, மேலுக்கு ஒண்டு, சமையல் பக்கத்துக்கு ஒண்டு எண்டு பிரியுங்கோ. கேத்தில் ஒழுகினதுக்கு மேல கொம்பியூட்டர் நிக்கக் கூடாது. இடியிலயிருந்து காக்கிற கருவியும் மெயின் சுவிச் போட்டில வேணும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் வன்னியில அடிக்கிற மின்னலுக்கு எல்ஈடி டிறைவர்தான் முதல்ல போகும்.

எர்த் கம்பியை மார்கழியில அளந்து பார்த்திட்டு "நல்லாக் கிடக்கு" எண்டு சொல்லிற ஆக்கள் இருக்கினம். அப்ப மண் நனைஞ்சு கிடக்கு. ஆவணி, புரட்டாதியில அளவுங்கோ. 10 ஓமுக்குக் கீழ வராட்டில் இன்னொரு கம்பி இறக்குங்கோ. ரெண்டுக்கும் இடையில ஒரு கம்பி நீளத்துக்குக் குறையாத தூரம் இருக்கவேணும், கிட்டக் கிட்ட அடிச்சால் பிரயோசனம் இல்லை.

சுவர் வெட்டிற விசயம். நேர்குத்தா வெட்டினால் சுவர்த் தடிப்பில மூண்டில ஒண்டு, படுக்கையா வெட்டினால் ஆறில ஒண்டு, அதுக்கு மேல ஆழம் போகக்கூடாது. உங்கட 14 அங்குலத்துக்கு அது தாங்கும், ஆனால் பின்பக்கத்து நாலரை அங்குலக் கல்லுச் சுவரில படுக்கை வெட்டு முக்கால் அங்குலத்தைத் தாண்டப்படாது. கிறைண்டரால 2 அங்குலம் இறக்குவாங்கள், நிண்டு பாருங்கோ. முன்பக்கம் சுண்ணாம்புச் சுவரை வெட்டவே வேண்டாம். 20 மி.மீ. இரும்புக் கொண்டியூட் கறுப்படிச்சு வெளியால ஓட்டுங்கோ. இந்தக் காலத்துக் கடையளில அதைத்தானே வடிவெண்டு செய்யினம். இரும்புக் குழாயெண்டால் குழாயையும் எர்த்தோட சேர்க்க மறக்கக்கூடாது.

பாலை வளைக்குள்ளால வயர் விடுறதெண்டால் உயரத்தின்ர நடுவில, சுவரிலயிருந்து 4 அடிக்கும் 6 அடிக்கும் இடையில துளையுங்கோ. உங்கட 7 அங்குல வளைக்கு ஒண்டே முக்கால் அங்குலத்துக்கு மேல ஓட்டை கூடாது. வளையின்ர அடிப்பக்கத்தில வெட்டு விழவே கூடாது. பாலையில சாதாரண துளைக்கிற பிற் சிவந்து போயிடும், ரெண்டு மூண்டு மேலதிகமா வாங்கி வையுங்கோ.


நெடுங்கேணி மேசன்:

ஊசி வைத்தியத்தைப் பற்றிக் கேட்டிருந்தியள். அரை அங்குல ஓட்டை, 4, 5 அங்குலத்துக்கு ஒண்டு, கல்லுக்குள்ள இல்லை, படுக்கைச் சாந்துக்குள்ள. அதுக்குள்ள சிலேன் கிறீம், அதாவது தண்ணி ஏறாமல் தடுக்கிற மருந்து, ஏத்திறது. 9 அங்குலச் சுவருக்கு ஓரளவு பிடிக்கும். உங்கட மாதிரித் தடிச்ச சுவரில நடுவுக்குள்ள உடைகல்லும் வெறும் இடைவெளியும் கிடந்தால் மருந்து எங்க போகுதெண்டே தெரியாது. கான் 4 அங்குலம் உயர நிக்கிற வரைக்கும் என்ன ஏத்தினாலும் பக்கத்தால ஈரம் வரும். முதல்ல அந்தச் சல்லிக் கானை வெட்டி ஒரு மாரி பாருங்கோ. பிறகும் ஈரம் நிண்டால் ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.


பாரந்தாங்கி:

ஒரு திருத்தம். உடைகல் நடு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கத் தேவையில்லை. மேசன் தோண்டும்போது ஒரு கல்லைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல கட்டு என்றால், வெளியில் வெட்ட இடமில்லாத முன்முகச் சுவருக்கு மட்டும் ஊசி பொருந்தும். அங்கே சல்லிக் கான் வெட்ட நடைபாதையை உடைக்க வேண்டியிருக்கும், உள்ளூராட்சிச் சபை அதற்கு விடாது.


வாசற்படி:

உள்ளலங்காரப் பக்கத்தை நான் சொல்லுறன் தம்பி. அண்ணைமார் சுவரை மூச்சுவிட விடச் சொல்லுகினம், உங்கட டிசைனும் அதுக்கு இணங்கவேணும். பழைய சுவரில ஒண்டையும் ஒட்டாதேங்கோ. எல்லாம் சுவரை விட்டு நிக்கட்டும்.

இடச்சுவரோரம் வாற கவுண்டர், அலுமாரி, நீள இருக்கை எல்லாத்துக்கும் இரும்புக்கால் 4 அங்குலம், பின்னால ஒன்றரை அங்குல இடைவெளி, மேலயும் கீழயும் காத்துப் போக வழி. பின்பலகை போடாதேங்கோ. எம்டிஎஃப், சிப் போட் ரெண்டும் வன்னிக்கு ஆகாத சாமான்; மாரிக்கு ஊதும், கோடைக்குக் கறையான் தின்னும். கொதிநீர் தாங்கிற பிளைவூட், இல்லாட்டில் அலுமினியச் சட்டத்தில பிவிசி நுரைப் போட். கவுண்டருக்கு மேல கழட்டின பழைய முதிரைக் கதவுப் பலகை வைச்சால் அது தனி எடுப்பு. பழைய பெயின்றில ஈயம் இருக்கலாம், காய்ஞ்சு கிடக்க மெசின் போட்டுத் தேய்க்காமல் நனைச்சுச் சுரண்டுங்கோ. பிறகு 40, 80, 120 நம்பர் அரத்தாள் எண்டு வரிசையா.

சிவப்புத் தரைக்கு மேல ரைல்ஸ் போடக் கூடாது எண்டதுக்கு அழகு மட்டும் காரணமில்லை. கீழ ஈரந்தடுப்பு இல்லாத தரையை மினுங்கல் ரைல்ஸால மூடினால் இவ்வளவு நாளும் தரையால போன ஈரம் ஓரத்துக்கு ஓடிச் சுவரில ஏறும். மேசன் அண்ணை திருத்தினதைத் திரும்பக் கெடுக்கிற வேலை. சவர்க்காரத் தண்ணியும் நைலோன் பிறஷும் போதும், அசிற் படக்கூடாது. வெடிச்ச இடத்துக்குச் சிவப்பு ஒட்டுப் போட்டால் நிறம் ஒருநாளும் சேராது, பார்க்கிற ஆக்களுக்கு அந்த ஒட்டு மட்டும்தான் தெரியும். வெடிச்ச பகுதியை நேர்கோட்டில சதுரமா வெட்டி எடுத்து, சாம்பல் சீமெந்தில சின்னக் கல்லுத் துண்டு போட்டு அரைச்சு விடுங்கோ. வேணுமெண்டே செய்த கோலமா நிக்கும். சிவப்பே போடுறதெண்டால் நிறத்தூள் சீமெந்தின்ர நிறையில பத்தில ஒண்டுக்கு மேல போகாமல், 50 கிலோ மூடைக்கு 5 கிலோ. கடைசியா மெழுகுப் பொலிஷ்.

செங்கல் தெரியிற சுவர்: கீழ வேண்டாம், மேல்மாடியில வலப்பக்கம் மட்டும் செய்யுங்கோ. பூச்சுக்குள்ள இருந்த கல்லு மெத்தெண்டது, மணல் அடிச்சுச் சுத்தம் செய்தால் வெந்த தோல் போய்ப் பொடியாக் கொட்டும். கையால உரிச்சு, இடைவெளிக்குச் சுண்ணாம்பு 1, மணல் 3 சாந்து நிரப்பி அப்பிடியே விடுங்கோ. மேல வார்ணிஷ் அடிச்சு மினுக்கிறது பழைய படக் கொட்டகை வாசல் மாதிரி இருக்கும், ஈரத்தையும் அடைக்கும்.

ஓட்டுக்குக் கீழ ஜிப்சம் சீலிங் போட்டால் முதல் ஒழுக்கிலயே தொய்யும். அதோட எலிக்கும் வௌவாலுக்கும் வீடு கட்டிக் குடுத்த மாதிரி. ஓட்டைக் கழட்டி அடுக்கிற நேரம் கைமரத்துக்கு மேல வெள்ளித்தாள் விரிச்சு, அதுக்கு மேல ஒரு அங்குலச் சட்டம் நெடுக்க அடிச்சு, பிறகு சிலாகையும் ஓடும். அந்த ஒரு அங்குலக் காத்திடை இல்லாட்டில் வெள்ளித்தாள் சூட்டைத் திருப்பாது. கைமரங்கள் கீழயிருந்து அப்பிடியே தெரியட்டும், முகட்டில காத்து வெளியேற வழி விடுங்கோ.

கூரை திறந்து கிடக்கிற மாடிக்கு ஏசி போட்டால் மின்சார பில்தான் குளிரும். மாடி நடுவில 10க்கு 12 அடியில அலுமினியச் சட்டம், கண்ணாடி, தனிக் கூரையோட ஒரு பெட்டி அறை நிறுத்துங்கோ. அதுக்கு 9,000 பிரியூ போதும். மற்ற இடத்துக்கு நீளக் கம்பியில காத்தாடி, இறக்கை தரையிலயிருந்து 8, 9 அடியில. பெட்டி அறை பழைய சுவரையும் கைமரத்தையும் தொடவே கூடாது. மரமாடி கொஞ்சமாவது அசையும், கண்ணாடிக்குச் சுத்திவர றப்பர் வைக்காட்டில் மூலையில கீறும்.

விளக்கு 2,700 – 3,000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம். வெள்ளை வெளிச்சத்தில சுண்ணாம்புச் சுவர் ஆசுபத்திரி மாதிரித் தெரியும். ஒஃபிஸ் மேசையில வெளிச்ச அளவு 500 லக்ஸ், கீழ மேசையளுக்கு 150 – 200 காணும்.

கறுப்பு மற் பைப்புகளுக்கு ஆசைப்படாதேங்கோ. எங்கட கிணத்துத் தண்ணியின்ர கடுமைக்குக் காய்ஞ்ச ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியா நிக்கும். மங்கல் ஸ்ரீல் நிறம் எடுங்கோ. கோப்பி மெசினுக்கும் தண்ணி மெதுமையாக்கிற ஃபில்ரர் போடாட்டில் உள்ளுக்குச் சுண்ணாம்பு கட்டி ஹீற்றர் போகும்.


பாலைவைரம்:

பின்பக்கச் சீற்றைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. நீல அஸ்பெஸ்ரஸ் இலங்கையில 1987இல தடையானது. அதுக்கு முந்தின சீற்றெண்டால் இன்னும் கவனம், ஆனால் வெள்ளையும் பாதுகாப்பானதில்லை. உடைக்காதேங்கோ, வெட்டாதேங்கோ, பிறஷர் தண்ணி அடிக்காதேங்கோ. சவர்க்காரத் தண்ணியை மெதுவாத் தெளிச்சு நனைச்சு, போல்ற்றைக் கழட்டி முழுச் சீற்றா இறக்கி, தடிச்ச பொலித்தீனில ரெண்டு சுத்துச் சுத்தி ரேப் அடியுங்கோ. துணி மாஸ்க் சரிவராது, என்95உம் காணாது, பி100 ஃபில்ரர் போட்ட மாஸ்க் வேணும். தரையை விளக்குமாறால கூட்டாமல் ஈரத்துணியால துடைச்சு, அந்தத் துணியையும் அதோடயே கட்டுங்கோ. எங்க கொண்டுபோய்ப் போடுறது எண்டு கழட்ட முதலே சபையில கேட்டு வையுங்கோ. காணிக்குள்ள புதைக்கிறதும், கோழிக்கூட்டுக்கு எண்டு ஆருக்கும் குடுக்கிறதும் வேண்டாம்.

கறையானுக்கு: சுவரும் தரையும் சந்திக்கிற கோட்டில ஒரு அடிக்கு ஒரு அரை அங்குல ஓட்டை, ஓட்டைக்கு ஒரு லீற்றர் மருந்துக் கரைசல். சிவப்புத் தரையில ஓட்டை தெரியும் எண்டால் வெளிப்பக்கத்தால, சல்லிக் கான் வெட்டுற நேரமே மண்ணுக்கு ஊத்தலாம். கிணறு கிட்ட இருந்தால் அந்தப் பக்கம் மருந்து வேண்டாம்.

இதைக் கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து வாசிக்கிற ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன்: தூண் பாதமோ கானோ வெட்டேக்க இரும்புச் சாமான் ஏதும் தட்டுப்பட்டால் அது போர்க்கால வெடிபொருளா இருக்கலாம், மண்வெட்டியை அந்த இடத்திலயே விட்டிட்டு ஆக்களை விலத்தி, பொலிசுக்குச் சொல்லுங்கோ. சன்னத் துண்டு ஏறின சுவரெண்டால் துண்டை எடுக்காமல் மேல பூசாதேங்கோ, உள்ளுக்குத் துருப்பிடிச்சுப் பூச்சை வெளியில தள்ளும்.


குருமன்காட்டான்:

இப்ப விளங்குது. கொன்றாக்ரரிட்ட லிஸ்ற்றை மாத்தச் சொல்லப் போறன். எந்த வேலை எதுக்கு முதல்? ஐப்பசி மழைக்கு முதல் எவ்வளவு முடிக்கலாம்? மாடியில கழட்டிற பாலைத் துண்டுகளை நெளுக்குளத்தில இருக்கிற தச்சரிட்ட அனுப்பிக் கதிரை மேசை செய்யலாமா?


பாரந்தாங்கி:

உள்வேலைதானே என்று அனுமதி எடுக்காமல் விடாதீர்கள். கடையைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றுவதற்கும், தூண் நிறுத்துவதற்கும் சபையில் வரைபடம் கொடுக்க வேண்டும். அது போய்க்கொண்டிருக்க, வெளிக் கானும் இடப்பக்கப் பூச்சு உரிப்பும் தொடங்கலாம், ஏனென்றால் காயும் காலம்தான் நீளமானது. பிறகு தூண், பீம், வளை நுனி. பீம் இறுகும் வரை மேல்மாடியில் கல், ஓடு எதையும் அடுக்க விடாதீர்கள்; ஓடு கழற்றும்போது ஆட்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள். ஓடும் வெள்ளித்தாளும் புரட்டாதிக்குள் முடிய வேண்டும். மழைக் காலத்தில் உள்ளே கொண்டியூட், வயர், பெட்டி அறைச் சட்டம். சுண்ணாம்புப் பூச்சை மாரி முடிந்து தை, மாசியில் வையுங்கள், வெயிலும் காற்றும் அளவாக இருக்கும். புதுக் கான் எப்படி வேலை செய்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். தரை மினுக்கலும் தளபாடமும் கடைசி.


பாலைவைரம்:

பாலை, முதிரை ரெண்டுக்கும் பேர்மிற் இல்லாமல் லொறியில ஏத்தாதேங்கோ, பழைய மரமெண்டாலும் வழியில மறிச்சால் விளங்கப்படுத்த ஏலாது. பிரதேச செயலகத்தில, கழட்ட முதல் எடுத்த படத்தோடயும் அளவோடயும் போய்க் கேளுங்கோ. அதைவிடச் சுகம், தச்சரைக் கடைக்கே கூப்பிட்டுப் பின்பக்கத்தில வைச்சுச் செய்விக்கிறது. பாலை தண்ணியில தாழுற மரம், ஒரு துண்டைத் தூக்கவே நாலு பேர் வேணும். ஆணி நேர ஏறாது, துளைச்சிட்டு ஸ்குறூ போடச் சொல்லுங்கோ. வாள் போட முதல் காந்தத்தால தடவி உள்ளுக்குக் கிடக்கிற பழைய ஆணியளைப் பிடுங்குங்கோ, இல்லாட்டில் அலகுக் காசை உங்கட கணக்கிலதான் எழுதுவார்.